இடது கைப் பந்தி

டிக் என்று ஒரு சத்தம். ஹேர்பின்னின் இறுகிக் கிடக்கும் இரண்டு கால்களையும் முன்பல்லால் கவ்விப் பிரிக்கும்போது பல்லிலிருந்து இரும்பு நழுவுகிற சத்தம். முப்பத்தைந்து வருடமாகியும் ஹெப்சிபாவின் காதில் அது துருப்பிடிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வந்தபிறகு தொட்டியில் கடைசிச் சொட்டு விழுந்தால், அலமாரிக் கதவின் கொக்கி தானாக விழுந்தால், அந்த இடத்தில் தங்கை பெர்சி வந்து நிற்பாள். நிற்பாள் என்றால் சத்தமாக நிற்பாள். பின்னலுக்கு வைத்த எண்ணெய் வாசனையும் சில நாள் கூட வரும். கழுத்து வரும், காதுக்குப் பின்னால் இருந்த அம்மைத் தழும்பு வரும், "இழுக்காதக்கா, முடியோட மூளையும் வந்துரும்" என்ற குரல் வரும். முகம் மட்டும் வராது. முகம் இருக்கவேண்டிய இடம், சுண்ணாம்பு அடிக்கும்போது படத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்ட மறந்துபோன சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஒரு புகைப்படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று யாரும் சொல்லலாம். புகைப்படம் இல்லை. பாளையங்கோட்டையிலே எந்த வீட்டிலும் இல்லை. பெர்சி நர்ஸ் வேலைக்குப் போன ஊரிலிருந்து அவள் உடல் வராது என்று உறுதியான அன்று, அப்பா அவள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன தகரப்பெட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தார். அவள் பாவாடை தாவணி, சர்ட்டிபிகேட்டுகள், பாட்டுப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலே அவள் இருக்கிற எல்லாப் படங்களும். குடும்பப் படத்தைக்கூட வெட்டாமல் முழுதாக வைத்தார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய் அவள் ஓரத்தில் நிற்கிற படங்களைக்கூட வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்டுடியோவுக்குப் போய் பிலிம் சுருளையும் கேட்டு வாங்கினார். மண்ணுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டாமா என்றார். சபைப் போதகரான ஐயர் முதலில் தயங்கி, பிறகு அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, ஆறடிக் குழியில் இறங்கிய ஒரு தகரப்பெட்டிக்கு அடக்க ஆராதனையை முழுசாக வாசித்தார். மண்ணுக்கு மண்ணாகவும் சாம்பலுக்குச் சாம்பலாகவும் என்கிற இடத்தில் ஹெப்சிபா குழிக்குள் பார்த்தாள், பெட்டியின் பூட்டில் வெயில் பட்டு மின்னியது. ஏன் பூட்டினார்கள் என்று அப்போது தோன்றியது. யார் திறக்கப்போகிறார்கள்.

இப்போது மத்தியானம் மூன்று மணி. மே மாத வெயில் தெருவில் கொளுத்திக்கொண்டிருக்க, அவள் கணவர் ஆசீர் வீட்டுக்குள் இருட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். மின்சார வாரியத்தில் முப்பது வருடம் ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த மனிதர், ரிட்டையர் ஆகி ஆறு வருடம் கழித்து, ஜன்னலில் பெட்ஷீட்டை ஆணியடித்துத் தொங்கவிட்டு, மேல்கண்ணாடிக்கு நியூஸ்பேப்பர் ஒட்டி, கதவிடுக்கில் கோணியைத் திணித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜாய்ஸ், என்ன அண்ணாச்சி, மாமியார் மருமக சண்டைகூட இல்லாத வீட்டுல எதுக்குக் கதவச் சாத்துதீங்க என்று வெளியிலிருந்து கேட்டுவிட்டுப் போனாள். எல்லாம் அந்தப் புரொஜெக்டருக்காக. யாரிடமும் சொல்லாமல் போனில் பார்த்து வரவழைத்தது. பார்சலைப் பிரித்தபோது, இவ்வளவுதானா என்று ஹெப்சிபா கேட்டுவிட்டாள். பால் வாங்கப் போகிற தூக்குச்சட்டி அளவு, அதே மாதிரி ஒரு கைப்பிடி, முன்னால் ஒரு கண். உள்ளே பல்புகூட இல்லையாம், கடுகு மாதிரி ஒரு எல்இடியாம். அதிலே என்ன தெரியப்போவுது என்றதற்கு, பொறுத்துப் பாரு என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் காட்டினார். அவர்களுடைய கல்யாண வீடியோ. சாத்தான்குளத்தில் அவருடைய சித்தி பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கொண்டுபோய்த் தராமலே விட்ட கேசட், சித்தி போனபிறகு பீரோவில் அந்துருண்டைகளுக்கு நடுவே கிடைத்திருக்கிறது. ஜங்ஷனில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறார். முன்பாதி பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது, சத்தமும் போச்சு, பந்தியிலேருந்துதான் படம் இருக்காம் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், பெட்ஷீட்டின் நுனியை இழுத்துவிட்டபடி, பெர்சி இருப்பா என்றார். ஹெப்சிபா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். போன செவ்வாய்க்கிழமை அவள் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது கண் டாக்டரிடம் இல்லை. அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வருகிறதா என்று கேட்கத்தான் போனாள். கடைசி இரண்டு வருடம் அம்மா இவளை, நீங்க எந்தத் தெரு என்று கேட்டாள். ஜடைகூட நரைக்காத ஒரு டாக்டர் பெண், மூன்று சொல் சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றாள். படகு, கொத்தமல்லி, அப்புறம் ஒன்று. பிறகு கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள், குறைத்தாள். கல்லூரி நூலகத்தில் இருபத்தாறாயிரம் புத்தகத்துக்கு எண் தெரிந்தவள் அவள். இப்போது அந்த மூன்று சொல்லைச் சொல்லுங்கள் என்றதும், படகு, கொத்தமல்லி, அதற்கு மேல் சுவர். டாக்டர் சிரித்து, பரவாயில்லை அம்மா, ஸ்கேன் பார்த்துக்கொள்வோம் என்றாள். அந்தப் பரவாயில்லை அவளோடு பஸ்ஸில் வந்தது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது, நாலு நாளாக வீட்டில் இருக்கிறது. ஆகவே ஹெப்சிபா தனக்குத்தானே இன்னொரு பரீட்சை வைத்துக்கொண்டாள். இன்று அந்தச் சுவரில் யாரும் விரல் நீட்டிக் காட்டாமல், பெயர் சொல்லாமல், கூட்டத்தில் பெர்சியை நானே கண்டுபிடித்தால் எனக்கு ஒன்றுமில்லை. கண்டுபிடிக்கவில்லையென்றால். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை, படகு, கொத்தமல்லி என்று மறுபடி ஆரம்பித்தாள்.

ஆசீர் பொத்தானை அழுத்தினார். முதலில் ஒரு சின்ன விசிறி உள்ளே சுற்றும் இரைச்சல், பிறகு அந்தக் கண்ணிலிருந்து வெளிச்சம் புறப்பட்டது. புறப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும், அது பரவவில்லை, ஒரு உருப்படியாக அறையைக் குறுக்கே கடந்துபோய்ச் சுவரில் சேர்ந்தது. போகிற வழியெல்லாம் தூசி. இத்தனை தூசியிலா முப்பது வருடம் மூச்சு விட்டிருக்கிறோம் என்று நினைத்தாள், ஒவ்வொரு துகளும் தன் வேலையாகத் திரும்பித் திரும்பி மினுங்கி இருட்டுக்குள் போயிற்று, கோயிலில் உயரமான ஜன்னல் வழியாக விழும் வெயிலில் சின்ன வயதில் பிரசங்கம் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்த அதே துகள்கள்தானோ. சுவரில் நிறங்கள் கரைந்து கிடந்தன, மழையில் நனைந்த காலண்டர் மாதிரி. ஆசீர் குனிந்து புரொஜெக்டருக்கடியில் வேதாகமத்தை வைக்கப்போய், வேண்டாம் என்று எடுத்துவிட்டு, பழைய டெலிபோன் டைரக்டரியை வைத்தார். கோணலாக இருந்த படம் மெல்ல நிமிர்ந்தது. ஒரு வளையத்தைத் திருகினார். நிறங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, ஓரம் கட்டி, சட்டென்று மனிதர்களாகிவிட்டன. போனில் பார்க்கிற கட்டைவிரல் உயர மனிதர்கள் இல்லை, டிவிப் பெட்டிக்குள் அடைபட்டவர்கள் இல்லை, ஆள் உயரம். தரையிலிருந்து எழுந்து நிற்கிறார்கள். செத்துப்போன பெரியப்பா தொப்பை குலுங்க நடந்து வருகிறார், இன்னும் இரண்டு எட்டு வைத்தால் இந்த மொசைக் தரையில் கால் வைப்பார். காலண்டர் மாட்டுகிற ஆணி ஒன்று சுவர் நடுவில் துருத்திக்கொண்டிருந்தது. நடக்கிற எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள், நெஞ்சில் ஏறி, தோளில் ஏறி, ஒருவரையும் குத்தாமல். பெரிசா இருக்குல்லா, பெரிசா இருக்குல்லா என்று ஆசீர் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தரம் கேட்டார். ஆமா என்றாள். நீண்ட பந்தி, வாழையிலைகள், வாளியோடு பரிமாறுகிறவர்கள். ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று தெரியாமல் அவள் கண் இலையிலிருந்து கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் போய் வந்தது. பெரியப்பா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரியம்மா, இடது கை. டயோசிசன் ஆபீஸ் கிளார்க், இடது கை. ஒரு வரிசை முழுக்க, ஒரு சபை முழுக்க, தலைகுனிந்து ஜெபம் பண்ணிவிட்டு, வெட்கமில்லாமல் இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார்கள். வீடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்கிற மாதிரி இவனும் மண்டபத்துக் கடிகாரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டினான். எண்ணில்லாமல் கோடுகள் மட்டும் உள்ள கடிகாரம். பத்தரை மணி. பத்தரைக்கு யார் கல்யாணச் சாப்பாடு போடுவார்கள், தாலி கட்டவே பன்னிரண்டு ஆயிற்றே. சிவப்பு நொடிமுள் நிதானமாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவளுக்கு வந்த பயம் பெரிய பயம். இது படத்தில் இல்லை, என்னில் இருக்கிறது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, இதுதாம்ட்டி சரி என்று சாதித்தாள். டாக்டரிடம் நான் வரைந்த கடிகாரம் எந்தப் பக்கமாக ஓடியது? அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாளே. ஆசீர் பின்னால் மெஷினோடு மெஷினாகக் குனிந்து கிடந்தார். அவரிடம், அத்தான், எல்லாரும் எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் போதும். வலது கையால்தான், ஏன் என்று அவர் சொல்லிவிட்டால்? அந்த ஏன் அதற்கப்புறம் இந்த வீட்டை விட்டுப் போகாது. அவள் தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். இது வலது, இது இடது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். படகு, கொத்தமல்லி. சுவரில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள், ஒல்லியாக, மீசை முளைத்த குச்சியாக ஆசீர், பக்கத்தில் வலைமுக்காடு போட்ட வெள்ளைப் பட்டில் ஒருத்தி, யார் இவள், நான்.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து, சாம்பார் வாளிக்கும் ஒரு தூணுக்கும் இடையில், யாரையோ இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் ஒருத்தி வந்தாள். ஹெப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். யோசிக்கவில்லை, தேடவில்லை, பெயர்கூட முதலில் வரவில்லை, பெயருக்கு முன்னால் முகம் வந்துவிட்டது. முகம்! இதுதான். இதுவேதான். இத்தனை வருடம் வெளுத்துக் கிடந்த இடத்தில், அளவு பிசகாமல், சட்டத்தில் போய்ப் பொருந்துகிற மாதிரி. அகலமான நெற்றி, ஓரமாக எடுத்த வகிடு, கன்னத்தில் மிளகு அளவு மச்சம், சிரிக்க நினைத்துவிட்டு ஒத்திப்போட்டது மாதிரியான உதடு. எப்படி மறந்தேன் என்று தோன்றவில்லை, எப்படி இது இவ்வளவு காலம் எனக்குள்ளே என்னிடம் சொல்லாமல் இருந்தது என்றுதான் தோன்றியது. வீடியோக்காரனின் விளக்கு கண்ணில் அடிக்க பெர்சி கையால் மறைத்துக்கொண்டு அவனிடம் ஏதோ சொன்னாள், திட்டாகத்தான் இருக்கும், சுற்றியிருந்தவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். மணப்பெண்ணின் முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. பெர்சி அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஹெப்சிபா சுவரை நோக்கி நடந்தாள், தன் நிழல் விழாமல் ஓரமாகவே நடந்து, சுவரில் தோள் பட நின்றாள். கிட்டே போகப்போக முகம் புள்ளிகளாகப் பிரிந்தது, அரை அடி தள்ளி நின்றால் மறுபடி கூடியது. இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில். சின்ன வயதுக் குவார்ட்டர்ஸ் வீட்டில், காலை ஏழு மணிக்கு, ரசம் போன கண்ணாடி முன்னால் இருவரும் நின்றதுபோல. பெர்சி தன் தலையில் கை வைத்தாள். சுவரின் ஆணி சரியாக அவள் காதுக்கு மேலே, கருங்கூந்தலில், வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு இருந்தது. அவள் விரல் ஆணியைத் தொட்டது, எடுத்தது, ஆணி அங்கேயே இருந்தது, அவள் கையிலும் ஒன்று இருந்தது. அதை வாயில் வைத்தாள். முன்பல்லால் பிரித்தாள். கேசட்டில் சத்தம் போய்விட்டது என்று கடைக்காரன் சொன்னானாம். டிக் என்று கேட்டது. தன் தலையில், இப்போது நரைத்துப்போன அதே இடத்தில், பின் ஏறுகிற கூர்மையை ஹெப்சிபா உணர்ந்தாள், கண்ணை மூடாமல் நின்றாள்.

பின்னால் ஆசீர் நாற்காலியில் உட்கார்ந்து முதன்முறையாக நிம்மதியாகப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தவர், பெரிதாகச் சிரித்தார்.

"ஏ ஹெப்சி, பேனரப் பாரு. நம்ம பேரு இடம் வலமா மாறி ஓடுது. அட, எல்லாரும் பீச்சாங்கையால சாப்பிடுதாங்க. உங்க பெரியப்பாவப் பாரேன், ரெண்டு கையாலயும் சாப்பிடக்கூடிய ஆளுதான்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கேட்டுவிடு, இப்போது கேட்கலாம். "உங்களுக்கும் அப்படித்தான் தெரியுதா அத்தான்?"

தெரியாமல் என்ன, காலையில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், அதற்காகப் படத்தைப் புரட்டிப் போட்டதைத் திரும்ப மாற்றவில்லை என்றார். இந்தா, ஒரு நிமிஷம் என்று ரிமோட்டைக் கையில் எடுத்தார். ஹெப்சிபா ஒரு நீளமான மூச்சை விட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு. என்னில் இல்லை, மெஷினில்தான். சுவர் ஒரு கணம் கறுத்து, மறுபடி வெளுத்து, படம் புரண்டு நின்றது. பேனரில் ஆசீர் ஹெப்சிபா என்று தங்கக் காகிதத்தில் எழுத்து நேராக வந்தது. பெரியப்பா வலது கைக்கு மாறினார். கடிகாரம் ஒன்றரைக்கு வந்து முன்னோக்கி ஓடியது. உலகம் ஒழுங்காயிற்று. மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். நல்ல பெண், களையான பெண், மச்சம் வேறு கன்னத்தில். நெற்றி சற்றுக் கோணலோ, ஒரு புருவம் ஏறியிருந்தது, உதட்டின் சாய்வு எதிர்ப்பக்கம். ஹெப்சிபா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியவில்லை. அத்தை வழியில் ஒரு சொந்தக்காரி என்றால் நம்பிவிடலாம். இது ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பார்த்த பெர்சி, வீடியோக்காரன் பார்த்த பெர்சி, எதிரே நின்று பேசியவர்கள் எல்லோரும் பார்த்த பெர்சி. அவள் பார்த்தது இது இல்லை. அது மெல்ல மெல்ல, ரிமோட்டின் சிவப்பு விளக்கு அணைகிற நேரத்துக்குள், அவளுக்குப் புரிந்தது. எந்த அக்கா தங்கையின் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? வீட்டில் ஒருத்தி அரைக்கும்போது ஒருத்தி கரைப்பாள், ஒரே பாயில் ஒரே பக்கம் திரும்பிப் படுப்பார்கள், கோயிலில் ஒரே பெஞ்சில் முன்னால் பார்த்து உட்காருவார்கள். பன்னிரண்டு வருடம் தினமும் கால்மணி நேரம் தங்கையின் முகத்தை அவள் ஆசைதீரப் பார்த்தது கண்ணாடியில்தான். பின்னால் நின்று ஜடை பின்னிக்கொண்டு, தலைக்கு மேலாக, ரசம் போன அந்தக் கண்ணாடிக்குள். அவளுக்கென்று இருந்த பெர்சி இடம் வலம் மாறிய பெர்சி. அப்பா குழியில் இறக்கிய படங்கள் ஒன்றிலும் அவள் இல்லை. அந்தப் படங்கள் கையில் இருந்திருந்தாலும் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து இந்த நேரான முகத்தைத்தான் மனப்பாடம் செய்திருப்பாள், கண்ணாடி முகம் மெல்ல இந்த முகத்தின் அடியில் போயிருக்கும். பூட்டிப் புதைத்ததால் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

"அத்தான், திருப்பி வைங்க."

"இதாம்மா நேரு."

"நேரு வேண்டாம். முன்ன இருந்த மாதிரி வைங்க."

அவர் அவளைப் பார்த்தார். வெளிச்சத்தின் ஓரத்தில் நிற்கிற மனைவியின் பாதி முகத்தில் யாரோ ஒரு விருந்தாளியின் சட்டைக் கட்டம் விழுந்து ஊர்ந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. சுவர் கறுத்தது, வெளுத்தது. பந்தி மறுபடி இடது கைக்கு மாறியது. தூணுக்கும் வாளிக்கும் இடையில் யாரையோ இடித்துவிட்டு அவள் தங்கை வந்தாள். அந்த இடத்தில் படத்தை அவர் நிறுத்தினார், அவள் சொல்லாமலே. விசிறி இரைந்தது. தூசி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மேலே ஒட்டிய பேப்பரில் ஊசி ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டமாகக் கூரையில் விழுந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"நான் செவ்வாக்கிழம கண் டாக்டர்ட்ட போகல," என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டுப் போன. கண் டாக்டர்ட்ட கண்ணாடி இல்லாமலா போவாங்க?" ரிமோட்டை மடியில் வைத்தார். "பையில ஸ்கேன் சீட்டும் இருந்துச்சு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். ஸ்கேனுக்கு நானும் வாரேன்."

சரி என்றாள். மூன்றாவது சொல் வரவில்லை. இனி வராது என்று அவளுக்குத் தோன்றியது, வராமல் போகட்டும். போகிறது எல்லாம் எந்த வரிசையில் போகும் என்று யார் கண்டார்கள், படகு போகும், கொத்தமல்லி போகும், புத்தக எண்கள் போகும், ஒருநாள் இந்த மனிதரையே நீங்க எந்தத் தெரு என்று கேட்டாலும் கேட்பாள். அவள் சுவரில் கையை வைத்தாள். சுண்ணாம்பு சில்லென்று இருந்தது. புறங்கையில் பெர்சியின் கன்னம் விழுந்தது, நரம்புகள் மேல், தோல் சுருக்கங்கள் மேல், மிளகு அளவு மச்சத்தோடு. கனமே இல்லை. கையை எடுத்தாள், கன்னம் சுவருக்குப் போயிற்று. மறுபடி வைத்தாள். வந்தது.

பெர்சிஸ், வயது இருபத்தேழு, அந்தக் கல்யாணம் முடிந்த பத்தாம் மாதம், மஸ்கட்டிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் நர்ஸுகளை ஏற்றிச்சென்ற வேன் கவிழ்ந்து இறந்தாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையை இவர்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.